பஞ்சக்கா போட்ட பூட்டு

என் அண்ணிக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. இந்தக் கட்டடத்துக்கு வேலைக்கு வந்த ஆறே மாதத்தில் அது காணாமல் போய், பஞ்சக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வீடுகளில் துணி உலர்த்தும் டிரையர் இயந்திரங்களின் குழாய்களுக்குள் கையை விட்டு, அடைத்துக் கிடக்கும் துணிப்பஞ்சை வாரி எடுப்பது அவள் வேலை. புருவம், காது மடல், சட்டைக் காலர் என்று எங்கே பார்த்தாலும் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டியிருக்கும். முதலில் குழந்தைகள்தான் அப்படிக் கூப்பிட்டார்கள், அப்புறம் பெரியவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அண்ணி கோபப்படவில்லை. உங்கள் வீட்டுப் பஞ்சுதானே, எனக்கென்ன வெட்கம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

நான் அவள் நாத்தனார். அதே கட்டடத்தின் அலுவலகத்தில் கடிதம் டைப் அடிப்பவள். நாத்தனார் என்றாலே வாயில் ஊசி வைத்திருப்பவள் என்றுதான் ஊர் நினைக்கும். நானும் அப்படி ஒன்றும் தங்கமில்லை. ஆனால் என் அண்ணன், வேலை தேடிப் போகிறேன் என்று ஒரு பெட்டியோடு கிளம்பி இருபத்தாறு வருடம் ஆகிறது. வேலை கிடைத்ததா என்று இன்றுவரை தகவல் இல்லை. என்னோடு பிறந்தவன் போய்விட்டான், எங்கிருந்தோ வந்தவள்தான் கைக்குழந்தையையும் என்னையும் சேர்த்துக் கட்டிக் காத்தாள். அதனால் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை என்று எழுதத்தான் ஆசை. ஒரு நாள் வந்தது. அந்த வெட்கத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இங்கே வருவதற்கு முன் அண்ணி ஒரு தகரப் பட்டறையில் இருந்தாள். பெரிய கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் செய்யும் பட்டறை. மடிப்பு இயந்திரத்தில் நின்ற ஒரே பெண் அவள்தான். ஒரு நாள் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே இருந்து வந்த இன்னொருவர், இது ஏன் சும்மா நிற்கிறது என்று சுவிட்சைத் தட்டிவிட்டார். மூன்று விரல்கள் போயின. அடுத்த வாரமே பட்டறையில் எல்லோருக்கும் ஆளுக்கொரு சிவப்புப் பூட்டும், பெயரும் படமும் போட்ட ஓர் அட்டையும் கொடுத்தார்கள். எந்த இயந்திரத்தில் கை வைப்பதாக இருந்தாலும் முதலில் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, அட்டையைத் தொங்கவிட வேண்டும். பூட்டுக்கு ஒரே சாவி. போட்டவர்தான் திறக்க வேண்டும், முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. பட்டறையை மூடியபோது மற்றவர்கள் சுத்தியலும் கத்தரியும் எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணி பூட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். சாவி எப்போதும் ஒரு கயிற்றில் அவள் கழுத்தில் கிடக்கும்.

இந்தக் கட்டடத்தில் மூன்று மாடி, இருபத்து நான்கு வீடு, இருபத்து நான்கு டிரையர். அண்ணியின் வேலையோடு ஓர் அறையும் கொடுத்தார்கள். மாடிப்படிக்குப் பின்னால் இரண்டு கட்டில் போடும் அளவு இடம், ஒரு ஜன்னல், ஒரு குழாயடி. அங்கேதான் நாங்கள் இருவரும் இருக்கிறோம். வேலை போனால் ஒரே வாரத்தில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த வரியை டைப் அடித்ததே நான்தான்.

அண்ணி பஞ்சைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவாள். இந்த வீட்டில் புதுச் சிவப்புத் துண்டு வாங்கியிருக்கிறார்கள், இந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் பூனை வளர்க்கிறார்கள், இந்த வீட்டுப் பையன் சட்டைப் பையில் காகிதத்தோடு துணியைப் போடுகிறான். டிரையரின் சல்லடையை ஒவ்வொரு முறையும் துடைக்காத வீட்டில் டீ கொடுத்தால் குடிக்க மாட்டாள். தகரக் குழாய் தவிர வேறெதையும் சுவரில் ஏற்ற மாட்டாள். இணைப்புக்குத் திருகாணி போட மாட்டாள். திருகின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் பஞ்சு அதில் சிக்கிக் கூடு கட்டிவிடுமாம். வெள்ளி டேப்பை மட்டும் சுற்றி, விரலால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பாள். குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, வாய் கட்டடத்துக்கு வெளியே திறக்க வேண்டும். அவளுடைய வேதம் இவ்வளவுதான். வேலை முடிந்ததும் டிரையரை ஓடவிட்டு, வெளியே ஏணியில் ஏறி, சுவரில் இருக்கும் தகர மூடி காற்றில் தூக்கிக்கொள்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, குடியிருப்போர் சங்கம் கட்டடத்துக்கு வெள்ளை அடிக்க முடிவு செய்தது. அடித்த வெள்ளை பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் டிரையர் மூடிகளுக்குக் கீழே பஞ்சு வழிந்து, இருபத்து நான்கு சாம்பல் கோடுகள் விழும் என்று செயலாளருக்குக் கவலை வந்துவிட்டது. ஓய்வு பெற்ற பள்ளி ஆய்வாளர் அவர். சுவரில் கோடு என்றால் நோட்டில் மை கொட்டியதைப் போல அவருக்கு உடம்பெல்லாம் பதறும். அந்தச் சமயம் பார்த்து அண்ணி தன் மகளின் பிரசவத்துக்காகப் பத்து நாள் விடுப்பில் போயிருந்தாள். வெள்ளையடித்த ஆட்களே பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். வெளியே இருந்த இருபத்து நான்கு ஓட்டைகளையும் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். கட்டடத்தின் நடுவில் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் போவதற்காகக் கீழிருந்து மேல் வரை ஓர் இடுக்கு இருக்கிறது. எல்லா டிரையரிலிருந்தும் மலிவான பிளாஸ்டிக் சுருள் குழாய்களை இழுத்து அந்த இடுக்குக்குள் விட்டார்கள். இடுக்கின் உச்சியில் புறா நுழையாமல் இருக்க ஏற்கெனவே மூடி போட்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. செயலாளர் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று சுவரை ரசித்துவிட்டு வந்தார்.

அண்ணி திரும்பி வந்தபோது பெட்டியைக் கீழே வைக்கவில்லை. வாசலில் நின்று சுவரைப் பார்த்தாள். ஓட்டை எங்கே என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் பெட்டியோடு நேராக முதல் மாடிக்குப் போனாள். அங்கே ஒரு நர்ஸ் குடியிருக்கிறாள். இரண்டு சுற்று ஓடினாலும் யூனிஃபார்ம் ஈரமாகவே வருகிறது என்று அவள் ஏற்கெனவே அலுவலகத்தில் புகார் எழுதி வைத்திருந்தாள். அண்ணி அந்த வீட்டுச் சுருள் குழாயைக் கழற்றினாள். போட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் மடிப்புக்கு மடிப்பு பஞ்சு உட்கார்ந்திருந்தது. டிரையர் பக்கத்து முனை பழுப்பேறி இளகியிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு போய்ச் செயலாளர் மேசையில் வைத்தாள். அவர் வைக்காதே, வைக்காதே என்று காகிதங்களை நகர்த்தினார். ஒரு சுற்றுத் துணியிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகிறது, இருபத்து நான்கு வீட்டுத் தண்ணீரும் பஞ்சும் மூடிய இடுக்கில் மின்கம்பி மேல் விழுகிறது என்று அண்ணி சொன்னாள். எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு, ஊரோடு ஒத்துப் போகப் பழகு என்று அவர் சொன்னார். அண்ணி பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பதாக அன்றைக்கு எனக்கும் தோன்றியது.

அந்த மாதம் ஆண்டுச் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட வேண்டிய மாதம். எல்லா டிரையர்களும் பாதுகாப்பாக உள்ளன என்று அண்ணி எழுதிக் கொடுத்தால்தான் அந்தத் தாள் செல்லும். அவள் போட மாட்டேன் என்றாள். மூன்று எச்சரிக்கைக் கடிதங்கள் போயின. மூன்றையும் அடித்தவள் நான். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திடாவிட்டால் வேலை இல்லை, அறையும் இல்லை என்றது மூன்றாவது. அலுவலகத்தில் அடித்து, செயலாளரிடம் ஒப்பம் வாங்கி, பதினைந்து அடி நடந்து, எங்கள் அறைக்கே போய் அதை அவள் கையில் கொடுத்தேன். பிழைப்பு அப்படி.

"ஒரு கையெழுத்துதானே அண்ணி, போட்டுத் தொலைங்களேன்" என்றேன்.

அவள் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். "கையெழுத்துன்னா என்னன்னு நினைச்சே? நான் பார்த்தேன், சரியா இருக்குன்னு சொல்றது. நான் பார்த்தேன். சரியா இல்ல."

நாம் இருவரும் எங்கே போவது என்று கத்தினேன். தெரியவில்லை என்றாள். அந்தப் பதில் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. நாற்பத்தெட்டு வயதில் கட்டிலைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டுமா, இவளுடைய ஒரு பிடிவாதத்துக்காக? அன்றைக்கு முழுவதும் நான் அவளோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நர்ஸ் ஓடி வந்தாள். அண்ணி கழற்றிய குழாயைச் சங்கத்தின் ஆட்கள் திரும்ப மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். டிரையரைப் போட்டால் தீய்ந்த வாடை வருகிறது, வந்து பாருங்கள் அக்கா என்றாள். அண்ணி மேலே போகவில்லை, கீழே போனாள். இந்தக் கட்டடத்தில் டிரையர்களுக்கு மட்டும் தனி மின்கம்பி உண்டு. கட்டியவர் செய்த ஒரே நல்ல காரியம் அது என்பாள். அந்த மெயின் சுவிட்சை அணைத்து, சிவப்புப் பூட்டைப் போட்டு, அட்டையைத் தொங்கவிட்டாள். அதில் அவளுடைய இருபது வருடத்துக்கு முந்தைய முகம், முறைத்தபடி. பிறகு மேலே போய் நர்ஸ் வீட்டுக் குழாயைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

எப்போது வேலை முடியும் என்று செயலாளர் ஆள் அனுப்பிக் கேட்டார். இடுக்கு எல்லாருக்கும் ஒன்று, ஒரு வீட்டு டிரையர் ஓடினாலும் எல்லா வீட்டுக்கும் ஆபத்து, இருபத்து நான்கு ஓட்டையும் திறந்தால் முடியும் என்று பதில் போனது. நீ வேலையிலிருந்து நீக்கப்பட்டாய் என்று அடுத்த தகவல் வந்தது. சரி, ஆனால் பூட்டு வேலையில் இருக்கிறது என்றாள்.

அந்த வாரம் பிடித்த மழை விடவில்லை. சனிக்கிழமைக்குள் மாடிக் கைப்பிடியெல்லாம் ஈரத்துணி. ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டிலேயே கயிறு கட்டிவிட்டார்கள். யாருடைய உள்ளாடை யாருடைய தலையில் சொட்டியது என்று மூன்று சண்டை. எல்லோரும் பஞ்சக்காவைத் திட்டினார்கள். டீ கொடுத்த வீடுகளும் திட்டின. அண்ணி அவர்களுக்கு நடுவே, தொங்கும் துணியை ஒதுக்கிக்கொண்டு, ஒளியாமல் நடந்தாள். மடியில் கனமில்லாதவள். நான்தான் தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

திங்கட்கிழமை செயலாளர் ஒரு மின் பணியாளரை வரவழைத்தார். பூட்டை வெட்டப் பெரிய கத்தரியோடு வந்தார் அந்த ஆள். அட்டையைப் புரட்டிப் படித்தார். கத்தரியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

"இதுல ஒரு ஆளோட படம் இருக்கு சார். நான் வெட்ட மாட்டேன். எங்க தொழில்ல அந்த வழக்கம் கிடையாது" என்றார்.

செயலாளர் கெஞ்சினார், அதட்டினார். கடைசியில் அந்த ஆள் ஒரு வழி சொன்னார். எல்லாம் பார்த்தாகிவிட்டது, மின்சாரம் கொடுத்தால் ஆபத்தில்லை என்று உங்களில் ஒருவர் பெயர் போட்டு எழுதிக் கொடுங்கள், அந்தப் படம் இருக்கும் இடத்தில் உங்கள் பெயர் வரட்டும், நான் வெட்டுகிறேன். இவ்வளவுதானா என்று செயலாளர் சந்தோஷப்பட்டார். நான் இரண்டு வரியில் கடிதம் அடித்தேன். கீழே பெயருக்கு இடம் விட்டேன்.

சங்கத்தில் ஏழு பேர். கடிதத்தை எடுத்துக்கொண்டு ஏழு கதவையும் நான்தான் தட்டினேன். ஒருவருக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. ஒருவருக்குக் கை நடுக்கம், காலையில் சீட்டு ஆடும்போது அது இல்லை. ஒருவர் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார், மனைவி உள்ளேயிருந்து தலையை ஆட்டினாள். ஒருவர் பெரியவர்கள் முதலில் போடட்டும் என்றார். அந்தப் பெரியவர் சின்னவர்களுக்கு வழிவிட வேண்டும் என்றார். ஒருவர் கதவையே திறக்கவில்லை, உள்ளே செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. சுவரை அடைப்பதற்குக் கை தூக்கியவர்கள் இவர்கள். ஏழு எலியும் சேர்ந்து பூனைக்கு மணி கட்டச் சொன்னது என்னை.

ஏழாவது ஆள் செயலாளர்தான். கடிதத்தை வாங்கி மேசையில் வைத்தார், பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"ஆபீஸ் சார்பா நீங்களே போட்டுடுங்கம்மா. உங்களுக்கு ஒண்ணும் வராது. அந்த ரூமை உங்க பேருக்கே மாத்திக் கொடுத்துடறேன்."

அறை என் பெயருக்கு. ஜன்னலும் குழாயடியும் யாருடைய பிடிவாதத்தாலும் போகாது. அண்ணியைக் கூடவே வைத்துக்கொள்ளலாம், யார் கேட்பார்கள் என்று மனம் கணக்குப் போட்டது. பேனாவை எடுத்தேன். என் பெயரின் முதல் எழுத்தை எழுதினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது. அடுத்த எழுத்துக்குக் கை போகும்போது, நான் பார்த்தேன் என்று சொல்வதுதான் கையெழுத்து என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் எதைப் பார்த்தேன்? பழுப்பேறிய ஒரு குழாயைப் பார்த்தேன்.

எழுதிய எழுத்தைக் கோடு போட்டு அடித்தேன். பேனாவை மூடி அவர் பக்கம் தள்ளினேன்.

"நான் டைப் அடிக்கிறவ சார், இடுக்குக்குள்ள பார்த்ததில்ல. நீங்க பார்த்தீங்களா?" என்றேன். அவர் மேசைக் காகிதங்களை நகர்த்தினார். நான் நிறுத்தவில்லை. "உங்க பேரக்குழந்தை எந்த ரூம்ல தூங்குது சார்? பின் ரூம்தானே. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இடுக்கு. வாங்க, பார்த்துட்டுப் போடுங்க."

அவருடைய மகள் இரண்டு மாதக் குழந்தையோடு வந்து தங்கியிருந்தாள். நாங்கள் மூன்றாவது மாடியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம், மின் பணியாளரும் கூடவே வந்தார். தொட்டிலை நகர்த்தினோம். சுவரின் வெள்ளை கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. அடியில் கரும்புள்ளிகள். மகள் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஈரக் கையை அப்பாவிடம் நீட்டினாள். மின் பணியாளர் நடையில் இருந்த இடுக்கின் கதவைத் திறந்து டார்ச் அடித்தார். மேலிருந்து கீழ் வரை கம்பிகளெல்லாம் பஞ்சுப் போர்வை போர்த்திக்கொண்டு நின்றன. இந்தக் கம்பிகளில் ஒன்று சூடாகியிருந்தால் என்று ஆரம்பித்தவர் குழந்தையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். செயலாளர் கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அவங்களைக் கூப்பிடுங்க" என்றார்.

நான் ஓடினேன். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து எங்கள் துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். முதலில் ஓட்டை, அப்புறம் சாவி என்றாள். இடுக்கைக் கூட்டி அள்ள இரண்டு நாள் ஆயிற்று, பதினாறு மூட்டை பஞ்சு வந்தது. சுவரைத் துளைக்க நான்கு நாள். புத்தம்புது வெள்ளைச் சுவரில் ஏணியைச் சாய்த்து, ஒவ்வொரு துளைக்கும் அவளே தகரக் குழாயை அளந்து வெட்டி மாட்டினாள். கீழே நின்ற செயலாளர் மேல் சிமெண்ட் தூள் கொட்டியது. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் சார் என்று மரியாதையாகத்தான் சொன்னாள், கடைசித் துளை முடிந்த பிறகு. அன்று மாலை கழுத்திலிருந்த சாவியால் பூட்டைத் திறந்தாள். இருபத்து நான்கு மூடிகளிலும் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்து, ஆண்டுச் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டாள். அவளை வேலையிலிருந்து நீக்கியதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

அந்த முதல் எழுத்தைப் பற்றி நான்தான் அவளிடம் சொன்னேன். சொல்லாமல் ஒரே அறையில் படுக்க முடியவில்லை. "மீதியைப் போடலையே" என்றாள். நான் அழுதேன். அவள் என் தோளில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள்.

ஆனால் சங்கத்துக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே. அடுத்த கூட்டத்தில் ஏழு பேரும் கை தூக்கி ஒரு தீர்மானம் போட்டார்கள். குடியிருப்போருக்கு ஏற்பட்ட சிரமத்துக்காகப் பூட்டுப் போட்ட ஊழியர் வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். இரண்டு வரிதான். நானே அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் பார்த்தாள். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் செயலாளர் என்னிடம், அந்தக் கடிதம் என்னம்மா ஆச்சு என்று கேட்பார். நான் போய் அண்ணியிடம் கேட்பேன்.

"இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கேன்னு சொல்லு" என்பாள்.

நானும் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே போய்ச் சொல்கிறேன்.